சரித்திரமும் சினிமாவும்

(வேப்பந்தட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் "சரித்திரமும் சினிமாவும்" என்பதாகும். அதிலும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்கிற படத்தை வைத்துக்கொண்டே பேசவேண்டும் என்பது இவ்வூர் வாலிபத் தோழர்களுடைய விருப்பம். 1959-ல் வெளிவந்த அந்தப் படத்தை 2015-ல் புதிய முறையில் துலக்கி, மறுபடியும் கொட்டகைகளில் ஓட்டினார்கள். அதன் பிறகு அதைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு கட்சியாகிவிடுகிறது என்றும், ஒரு கட்சியார் அதில் உள்ளதெல்லாம் சத்தியம் என்கிறார்கள், மற்றொரு கட்சியார் அதெல்லாம் புளுகு என்கிறார்கள் என்றும், இதில் எது சரியென்று சொல்லவேண்டும் என்றும் என்னிடம் கேட்டார்கள்.

தோழர்களே! நான் சரித்திரப் பண்டிதன் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட வாசகசாலையிலும், கூட்டங்களிலும், பிறர் சொல்லக் கேட்டும் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே நான் சொல்லுவதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

படம் நல்ல படமா?

முதலாவதாக, படம் நன்றாய் இருக்கிறதா என்று கேட்டால், நன்றாய் இருக்கிறது என்றுதான் சொல்லுவேன். சிறு பிள்ளையாய் டெண்டு கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து அப்படத்தைப் பல தடவை பார்த்தவன் நான். 2015-லும் காசு கொடுத்துப் போய்ப் பெரிய திரையில் பார்த்தேன். சிவாஜி கணேசன் அவர்களின் குரல் கொட்டகையின் கூரையில் மோதித் திரும்பும்போது எனக்கும் மயிர் சிலிர்த்தது. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்ததென்றால் அது சும்மா கிடைத்ததல்ல.

அதுமாத்திரமல்ல. அந்த மனிதர் ஏழு வயதுச் சிறுவனாய் இருந்தபோது ஒரு கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைவிட்டு நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார் என்று அவரே தமது வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். 1957 முதல் அதே கதையைத் தமது மன்றத்தின் மூலம் மேடையில் நடத்தி, பிறகுதான் படமாக்கினார்கள். அந்த நடிகருக்குச் "சிவாஜி" என்ற பட்டப்பெயரும் ஒரு சரித்திர நாடகத்தால் வந்ததுதான். அண்ணாதுரை அவர்கள் எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் அவர் நடித்ததைப் பார்த்துப் பெரியார் அவர்கள் கொடுத்த பெயர் அது. நாடகம் என்பது வெறும் பொழுதுபோக்கல்ல. ஒரு சிறுவனின் வாழ்வையே திருப்பிவிடக்கூடிய ஆயுதம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆயுதம் என்பதனாலேயே, அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கி நீட்டப்படுகிறது என்று நாம் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஒரே முகம், ஒரே கிரீடம்

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லவேண்டும். கட்டபொம்மன் படத்தை எடுத்த பந்துலு அவர்கள் 1964-ல் 'கர்ணன்' படத்தையும் எடுத்தார். அதுவும் 2012-ல் மறுபடியும் வெளியிடப்பட்டு, புதுப் படங்களுக்குச் சமமாக ஓடியது. அதே நடிகர் 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் பரமசிவனாய் வந்தார். 1973-ல் ராஜராஜ சோழனாய் வந்தார். அதே முகம், அதே கம்பீரம், அதே குரல், ஏறத்தாழ அதே கிரீடம்! இதைப் பார்க்கிற சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? கட்டபொம்மன் இருந்தது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை கர்ணன் சூரியனுக்குப் பிறந்தது என்றும், ராஜராஜன் தஞ்சாவூரில் கோயில் கட்டியது எவ்வளவு நிஜமோ அவ்வளவு நிஜம் பரமசிவன் மதுரையில் விறகு விற்றது என்றும் நினைத்துவிடுகிறான். புராணக் குப்பைக்குச் சரித்திரத்தின் யோக்கியதை வந்துவிடுகிறது; சரித்திரத்துக்குப் புராணத்தின் நாற்றம் வந்துவிடுகிறது. நடிப்பவர்பேரில் குற்றமில்லை. பார்ப்பவன் பகுத்துப் பார்க்கவேண்டும்.

இப்படிப் பகுத்துப் பார்க்காததன் பலன்தான் இன்று படக்கொட்டகை வாசலில் நடப்பது. மட்டைப் பலகையில் எழுதிய நடிகன் உருவத்துக்குப் பால் ஊற்றுகிறான், திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துகிறான், தேங்காய் உடைக்கிறான். வீட்டில் குழந்தைக்குப் பாலில்லை. பலகைக்குக் குடம் குடமாய்ப் பால்! கோயிலில் கல்லுக்குச் செய்ததைக் கொட்டகையில் பலகைக்குச் செய்கிறான் என்பதைத் தவிர இதில் என்ன வித்தியாசம் இருக்கிறது? நல்ல நடிகனுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை கைதட்டல், கற்பூரமல்ல.

படம் சொன்னதும் காகிதம் சொல்லுவதும்

இனி சரித்திரத்துக்கு வருவோம். கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் எதிர்த்துப் பேசும் கட்டம்தான் படத்தின் உயிர். அந்த வசனத்தை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. கட்டபொம்மன் அப்படிப் பேசினார் என்பதற்கு அக்காலத்துக் காகிதம் எதுவும் கிடையாது. அன்றியும், கட்டபொம்மன் தெலுங்கு பேசும் கம்பளத்தார் குடும்பத்தில் பிறந்தவர்.

அப்படியானால் நடந்தது என்ன? 1798-ல் கட்டபொம்மன் கம்பெனிக்குக் கட்டவேண்டிய பாக்கி 3310 பகோடா. ஜாக்சன் அவரைத் தன்னை வந்து பார்க்கும்படி கட்டளை போட்டான். குற்றாலத்துக்குப் போனார், பார்க்க மறுத்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார், மறுத்தான். இப்படி 23 நாள், ஏறத்தாழ 400 மைல் அந்த மனிதரைப் பின்னாலேயே இழுத்தடித்து, 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி கொடுத்தான். அதற்குள் பாக்கியின் பெரும்பகுதி கட்டப்பட்டு 1080 பகோடா மாத்திரமே மீதி. அப்படியிருந்தும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தான். முடிவில் கைகலப்பு உண்டாகி, கிளார்க் என்ற வெள்ளைக்கார லெப்டினண்டு செத்தான். கட்டபொம்மன் தப்பிவந்து சென்னைக்கு மனுப்போட்டார். விசாரணைக் கமிட்டி அவர் பேரில் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவியிலிருந்து தள்ளப்பட்டான்.

தோழர்களே! இதில் எது பெரிது? ஒரு கால் மணி நேரம் சிங்கம்போல் கர்ஜித்தது பெரிதா? 400 மைல் அலையவிட்டு, உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்து, 1080 பகோடாவுக்காக ஒரு மனிதனுடைய மானத்தை மிதித்ததும், அவர் அதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து முடிவில் திமிறியதும் பெரிதா? எனக்கு இரண்டாவதுதான் பெரிதாய்ப் படுகிறது. ஏனென்றால் கர்ஜிக்கும் மனிதனை நாம் நேரில் பார்த்ததில்லை. ஆபீஸ் வாசலில் நிற்க வைக்கப்பட்ட மனிதனை நாள்தோறும் பார்க்கிறோம். பட்டாவுக்கு அலைகிறவனும், ஜாதிச் சர்டிபிகேட்டுக்கு அலைகிறவனும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறான். சுயமரியாதை என்பது சிங்காசனத்தின் மேல் உட்கார்ந்தவனுக்கு மாத்திரம் உள்ள சொத்தல்ல.

கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே ஒரு புத்தகம் எழுதினார் தமிழ்வாணன். மாவீரன் என்று எழுதினார் ம.பொ.சி. கம்பெனிக் காகிதங்கள் எதிரி எழுதியவை. கதைப்பாடல்கள் அபிமானிகள் பாடியவை. இரண்டையும் அப்படியே விழுங்குகிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேள்வி கேட்கிறவன்தான் பகுத்தறிவுக்காரன்.

அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம்

படத்தில் வெள்ளைக்காரனைப் பார்த்து, வயலில் வந்து வேலை செய்தாயா, எந்த உரிமையில் வரி கேட்கிறாய் என்னும் கருத்தில் ஒரு கேள்வி வருகிறதல்லவா? மிகவும் சரியான கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி வெள்ளைக்காரனோடு நிற்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்? பாளையக்காரர் வயலில் நாற்று நட்டாரா? ஜமீன்தார் களை பறித்தாரா? கோயில் மானியத்தை அனுபவித்த பூசாரி ஏர் பிடித்தாரா? கம்பெனி 3310 பகோடா கேட்டது பாளையக்காரரிடம். பாளையக்காரர் அதை வாங்கியது யாரிடம்? கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவனிடமும், அவன் பெண்டாட்டியிடமும்தானே! இந்த வேப்பந்தட்டையில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. விலை பேசுகிற இடத்தில் விளைவித்தவன் நிற்கிறான்; விளைவிக்காதவன் உட்கார்ந்திருக்கிறான்.

கம்பெனியின் பக்கம் நின்ற பாளையங்களும் மிஞ்சிய பாளையங்களும் பிறகு ஜமீன்களாயின. அந்த ஜமீன் முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1948-ல். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-ல். நடுவில் ஏறத்தாழ 150 வருஷம் குடியானவன் வயிற்றில் அடித்தவர்களைப் பற்றி எத்தனை படம் வந்தது? கிரீடம் இல்லாத கதையென்றால் ஜனங்களுக்கும் பிடிப்பதில்லை. அதே பந்துலு, அதே கணேசன், 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார்கள். கோயமுத்தூர் ஜெயிலில் செக்கிழுத்த வ.உ.சி.யின் கதை. வந்த காலத்தில் அதற்குப் போதிய வசூல் இல்லை. கிரீடத்துக்குக் கொடுத்த காசைச் செக்குக்குக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை!

மணி அடித்த மண்டபங்கள்

கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடம் அளவில்லாத பக்தி உள்ளவர் என்றும், அங்கே பூசை நடக்கும் நேரம் தெரிவதற்காகத் திருச்செந்தூரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரையில் வழிநெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டார் என்றும், அந்த மணியோசை வந்த பிறகே சாப்பிடுவார் என்றும் கதை சொல்லுகிறார்கள். கதை உண்மையென்றே வைத்துக்கொள்ளுவோம். சுவாமிக்குச் சோறு வைத்த சங்கதி மணியோசையில் ஊர் ஊராய் ஓடிவந்தது. 1799 செப்டம்பர் 5-ந் தேதி பானர்மன் பீரங்கியோடு கோட்டை வாசலுக்கு வந்த சங்கதியைச் சொல்ல ஒரு மணி அடித்ததா? அவ்வளவு அபிஷேகமும் வாங்கிக்கொண்ட வேலாயுதம் பீரங்கிக்கு முன்னால் என்ன ஆயிற்று? கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டில் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டபோதும், அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கில் தொங்கியபோதும் எந்த மயிலும் பறந்து வரவில்லை. வெள்ளைக்காரன் ஜெயித்ததும் அவனுடைய கர்த்தரால் அல்ல. மருந்தும் குண்டும் அவனிடம் இருந்தன, ஒற்றுமை நம்மிடம் இல்லை.

வாய் பேசாதவர்

படம் கயத்தாற்றோடு முடிந்துவிடுகிறது. கொட்டகையைவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிற ஜனங்கள் கதை அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் நடந்தது.

கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ல் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளப்பட்ட மண்கோட்டையைச் சில நாளில் ஜனங்கள் கூடி மறுபடியும் எழுப்பினார்கள். நமது வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களே, அதுபோல் கல்லால் கட்டியதல்ல, வெறும் மண்! படத்தில் காண்கிற மாளிகையும் மதிலும் சினிமாவின் ஜோடனை. அந்த மண் சுவரை வைத்துக்கொண்டு மே 24 வரையில் கம்பெனிப் படையை நிறுத்திவைத்தார்கள். எதிரிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே வாய் பேச வராத அந்த மனிதரை மெச்சிப் புத்தகத்தில் எழுதிவைத்தான்.

அதே வெல்ஷ் இன்னொரு சங்கதியும் எழுதியிருக்கிறான். கோட்டை விழுந்த பிறகு, காயம்பட்டுப் பிணங்களோடு பிணமாய்க் கிடந்த ஊமைத்துரையை, தன் மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துப் பெண் கண்டெடுத்தாள். தேடி வந்த எதிரி ஆட்களைக் கண்டதும் பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்! பட்டாளத்தால் முடியாததை எழுத்தறியாத பெண்களின் புத்தி சாதித்தது. பிறகு அவர் மருது சகோதரர்களோடு சேர்ந்து போராடினார். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-ல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிட்டார்கள்.

இவ்வளவு பெரிய கதையை ஏன் நாம் கொண்டாடவில்லை? காரணம் வேறொன்றுமில்லை. வாய் பேசாதவர் வசனப் படத்துக்கு உதவமாட்டார். நமக்கும் பேச்சுத்தானே பெரிது!

எட்டப்பனும் சுந்தரலிங்கமும்

இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லவேண்டும். "எட்டப்பன்" என்ற பெயர் இன்று நமது பாஷையில் துரோகி என்று அர்த்தமாகிவிட்டது. எட்டயபுரம் கம்பெனிக்கு உதவியது உண்மை. எல்லைத் தகராறு முன்பே இருந்ததும் உண்மை. பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை. மேற்குப் பாளையங்களில் பெரும்பாலோர் இவர் நாயக்கர், நாம் மறவர் என்று ஒதுங்கியே நின்றார்கள். ஒரு பரம்பரையின் பெயரை வசவாக்கிவிட்டால் நம்முடைய ஜாதிப் பிரிவினை செய்த துரோகத்தை மறந்துவிடலாம் அல்லவா? பிறவியால் ஒருவன் உயர்ந்தவன் என்பது எப்படிப் பித்தலாட்டமோ, அப்படியேதான் பிறவியால் ஒருவன் துரோகி என்பதும்.

மற்றொரு பெயர் சுந்தரலிங்கம். கட்டபொம்மனுக்காக உயிர் கொடுத்த தளபதி, ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்தவர் என்று ஜனங்கள் தலைமுறையாய்ச் சொல்லிவருகிறார்கள். 1997-ல் அவர் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் வைத்தார்கள். என்ன நடந்தது? அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஜாதி வெறியர்கள் கிளம்பினார்கள். கலகம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் எல்லா மாவட்டங்களிலும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரையே சர்க்கார் எடுத்துவிட்டது. நம்முடைய திருச்சிப் பக்கத்தில் ஓடிய பஸ்களில் இருந்த தீரன் சின்னமலை பெயரும் அப்படித்தான் போயிற்று.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! கட்டபொம்மனுக்காகத் திரையில் கண்ணீர்விட்ட அதே நாடு, அவர் பக்கத்தில் நின்று செத்தவன் பெயரைப் பஸ்ஸில் தாங்கமுடியாமல் தெருவில் ரத்தம் சிந்தியது. அப்படியானால் அந்தக் கண்ணீருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு தோழர் கேட்ட கேள்வி

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் சரித்திரப் படங்களைப் பார்க்கவே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பாருங்கள். பெரிய திரையிலேயே பாருங்கள். பெண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆனால் வெளியே வந்த பிறகு நாலு கேள்வி கேளுங்கள். இந்த வசனத்தை எழுதியது யார்? இதற்கு ஆதாரம் என்ன? இந்த ராஜாவுக்குச் சோறு போட்டவன் யார்? இந்தக் கதையில் யாரை விட்டுவிட்டார்கள்?

சரித்திர நாடகம் இரண்டு விதம். ஒன்று, ராஜாவைக் காட்டி நம்மைக் கும்பிடச் செய்வது. மற்றொன்று, ராஜாவைக் காட்டி நம்மைக் கேட்கச் செய்வது. நான் முன்னே சொன்ன சிவாஜி நாடகம் இரண்டாவது விதம். வாளால் நாடு பிடித்த ஒருவன், 1674-ல் முடி சூட்டிக்கொள்ளக் காசியிலிருந்து ஒரு பார்ப்பனன் வந்து நீ க்ஷத்திரியன் என்று சொல்லவேண்டியிருந்தது ஏன் என்று அது கேட்டது. அந்த மாதிரி நாடகம் இன்னும் நமக்கு வேண்டும். ஊமைத்துரையைக் காப்பாற்றிய கிராமத்துப் பெண்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதுங்கள். சுந்தரலிங்கம் பெயர் எழுதிய பஸ்ஸைப் பற்றி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. கிரீடம் வாடகைக்கு எடுக்கவேண்டிய செலவும் இல்லை. இவ்வூர் வாலிபர்கள் இதை எழுதி இந்தத் திடலிலேயே நடிப்பதென்றால் முதல் ஆளாய் வந்து மணலில் உட்கார நான் தயாராய் இருக்கிறேன்.

ஆகவே தோழர்களே, நான் சொன்னவற்றை உங்கள் வீட்டில் வைத்து யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யும்படியும், தவறென்று பட்டதை அடுத்த கூட்டத்தில் எழுந்து தைரியமாய்க் கேட்கும்படியும் கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.